துரை வீட்டுப் பேரன்னு சொல்லி 9 நாள் என் வாடகை வான்ல சுத்துனவன், உங்க பக்கமும் வந்தானா?

வான்காரன்_நானுஓயா

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சேன், வெக்கம்தான் காரணம். நேத்து பண்டாரவளையில இன்னொரு வான்கார அண்ணன் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே இதே மாதிரி ஒரு கதைய சொன்னாரு, எனக்கு குடிச்சது எறங்கல, அதான் எழுதுறேன்.

2023 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயித்துக்கிழம. சீசன் நேரம் நுவரெலியா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், ரூம் எல்லாம் டபுள் ரேட், ரோட்டுல வாகனம் அசையாது. நானுஓயா ஸ்டேசன்ல கொழும்பு ரயில் வந்து நிக்கிது, டிரைவர்மார் எல்லாம் முட்டி மோதிக்கிட்டு ஓடுறோம், இவன் மட்டும் பிளாட்போம்ல ஆறுதலா நிக்கிறான். 35 வயசு இருக்கும். கையில ஒரே ஒரு பை. பழுப்பு கலர் கம்பளிக் கோட், முழங்கையில தோல் ஒட்டு வச்சது. எவன்கிட்டயும் ரேட் கேக்கல. அங்கதான் நான் விழுந்தேன்னு இப்ப தோணுது, ரேட் கேக்காத ஆள நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல.

கொழும்புல பணக்காரங்க இருக்குற கறுவாத்தோட்டத்துல வீடாம், பொறந்து வளந்தது லண்டனாம், தாத்தா காலத்துல இந்தப் பக்கம் 3 தோட்டம் இருந்துச்சாம், 72லயும் 75லயும் அரசாங்கம் காணி எடுத்தப்ப எல்லாம் போயிருச்சாம், இப்ப ஒரு பழைய பங்களாவ குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் ஆக்கப் போறானாம். அதுல ஒரு தோட்டத்துப் பேர சொன்னான் பாருங்க, அது எங்க அப்பா பேர் பதிஞ்சு 38 வருசம் வேலை செஞ்ச தோட்டம். வான்லயே ஒட்டியிருந்துச்சு தோட்டத்து பேரு, ஸ்டிக்கர்ல. அது எனக்கு அப்ப ஞாபகம் வரல.

மொத நாள் கடையில வட ரெண்டு, பிளேன்டி ரெண்டு, பில் 300 சொச்சம். 5000 ரூபா தாள வச்சிட்டு மிச்சம் வாங்காம எழும்பிட்டான். எங்க ஆளுங்களுக்கு அப்ப அது 5 நாள் பேரு, தோட்டத்து நாள் சம்பளம். அந்தக் கடைப் பொடியன் வாசல் வரைக்கும் வந்து வான் கதவ தொறந்து விட்டான். அதுக்கப்புறம் 9 நாளும் அவன் கையில நோட்டுன்னு ஒண்ண நான் பாக்கல. ரெண்டாம் நாள் லண்டன்ல ஈஸ்டர் லீவு, பேங்க் கார்ட் லொக். அஞ்சாம் நாள்ல இருந்து இங்க வருசப்பிறப்பு லீவு. ஹயர் நாளைக்கு 15,000, கைமாத்து 45,000, கூட்டிப் பாத்தா ஒரு லட்சத்து 80 ஆயிரம்.

17ஆம் திகதி திங்கக்கிழம பண்டாரவளையில ஒரு பேங்க் வாசல்ல எறக்கி விட்டேன். "பத்து நிமிசம்"னு சொன்னான். கோட்ட சீட்லயே வச்சிட்டுப் போனான், அதனால வருவான்னு இருந்தேன். மூணு மணித்தியாலம். செக்யூரிட்டிக்காரரு வந்து வானை எடுக்கச் சொல்லி ஏசினாரு.

உங்க பக்கம் யாராச்சும் இவன பாத்தீங்களா?

கொப்பித்தோட்டம்_பொடியன்

அண்ணே கோவிக்காதீங்க, ஒரு லட்சத்து 80 ஆயிரம், ஒரு ஐடென்டி கார்ட் போட்டோ கூடவா எடுக்கல? நாங்க திறீவீலுக்கு 500 ரூபா கடன் சொன்னாலே அம்மா பேர் அப்பா பேர் எல்லாம் கேப்பீங்களே.

வான்காரன்_நானுஓயா

கேப்போம் தம்பி. உன்ன கேப்போம். அவன கேக்க வாய் வரல, அதுதானே கதையே.

வரவேற்பறை_அக்கா

தம்பி வான்காரர, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நான் ஹோட்டல் ரிசப்சன்ல 14 வருசமா நிக்கிறேன். கைநிறைய டிப்ஸ் குடுக்குறவன பாத்தா எங்களுக்கு இப்ப முதுகு சிலிர்க்கும். நெசமான பணக்காரன் லோன்டரி பில்லுல ஒரு சட்டைக்கு ரெண்டு தடவ போட்டிருக்கீங்கன்னு அரை மணி நேரம் சண்டை பிடிப்பான்.

நியூயோர்க்ல அன்னா சோரோக்கின்னு ஒருத்தி, "அன்னா டெல்வி"ன்னு பேர வச்சிக்கிட்டு ஜெர்மன்காரி, தனக்கு 6 கோடி யூரோ சொத்துன்னு சுத்துனா. ரஷ்யாவுல பொறந்தவ, அப்பா லொறி ஓட்டுனவரு. அவ செஞ்சது உங்க ஆளு செஞ்ச அதே வேலைதான், ஹோட்டல் வாசல்ல நிக்கிறவன்ல இருந்து எல்லாருக்கும் 100 டொலர் தாள் தாளா நீட்டுறது. அத பாத்த ஹோட்டல்காரங்க கார்ட் வாங்காமலே ரூம் குடுத்தாங்க, பில் 30,000 டொலர் தாண்டுன பிறகுதான் முழிச்சாங்க. எங்க மெனேஜர் இந்தக் கதைய புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லித்தான் சாவியே குடுப்பாரு. சாமி வந்தாலும் மொதல்ல கார்ட்.

கொப்பித்தோட்டம்_பொடியன்

அக்கா அவ கெட்டிக்காரிதானே ஆனா 😂 பணக்காரன் கிட்டதானே எடுத்தா, பேங்க் கிட்ட. நம்மகிட்டயா எடுத்தா. 2 கோடி 20 லட்சம் டொலர் லோன் கேக்குற தைரியம் யாருக்கு வரும்.

வரவேற்பறை_அக்கா

கூட சுத்துன சிநேகிதிய மொரோக்கோவுக்கு கூட்டிட்டுப் போயி, மராகேஷ்ல ஹோட்டல் பில்ல அவ கார்ட்ல போட வச்சா. மொத்தம் 62,000 டொலர், அந்தப் பொண்ணோட ஒரு வருசச் சம்பளத்த விட கூட. அந்தச் சிநேகிதி பணக்காரியா? பத்திரிகையில வேலை செஞ்சவ. இன்னும் கேளு, 2019ல ஜூரி தீர்ப்பு சொன்னப்ப அந்த 62,000 விசயத்துல அன்னாவுக்கு விடுதல. நீ சொன்ன பெரிய லோன் விசயத்துலயும் விடுதல. மத்த குத்தங்களுக்குத்தான் 4 வருசத்துல இருந்து 12 வருசம்னு போட்டாங்க. அவ கதைக்கு நெட்ஃபிளிக்ஸ் 3 லட்சத்து 20 ஆயிரம் டொலர் குடுத்திச்சு, அதுல பெரும் பங்கு பேங்குகளுக்கு நட்டஈடா போச்சு. பேங்குக்கு காசு வந்திருச்சு பாத்தியா.

பெட்டகம்_8மணி

நான் பேங்க்லதான் வேலை, எந்த பேங்க்னு கேக்காதீங்க. பேங்க்காரன் ஏமாற மாட்டான்னு யாரும் நெனைக்காதீங்க, 100 வருசத்துக்கு முன்னயே அமெரிக்காவுல கேசி சாட்விக்னு ஒரு அம்மா வரிசையா பேங்குகள சாப்பிட்டிருக்கா. கிளீவ்லண்ட்ல இருந்து ஒரு வக்கீல கூட்டிக்கிட்டு நியூயோர்க் போயி, கார்னகி வீட்டு வாசல்ல குதிர வண்டிய நிப்பாட்டி, நீங்க இருங்க நான் வாறேன்னு உள்ள போயிட்டா. அந்தக் காலத்துல உலகத்துலயே பெரிய பணக்காரன்ல ஒருத்தரு கார்னகி. உள்ள போயி அவர பாக்கவே இல்ல, வீட்டு வேலைக்காரி ஒருத்திய பத்தி விசாரிக்க வந்தேன்னு சொல்லி அங்க உள்ளவங்ககிட்ட பேசிட்டு அரை மணித்தியாலம் கழிச்சு வெளிய வந்தா. வண்டியில ஏறுறப்ப ஒரு கடதாசி கீழ விழுது, வக்கீல் எடுத்துப் பாக்குறாரு, கார்னகி கையெழுத்தோட 20 லட்சம் டொலர் கடன்பத்திரம். யாருக்கும் சொல்லிறாதீங்க, நான் அவருக்கு கல்யாணத்துக்கு வெளிய பொறந்த மகன்னு, சீ, மகள்னு அழுதா. (ராத்திரி டைப் பண்றேன் மன்னிக்கணும்.)

யாருக்கும் சொல்லாதன்னா வக்கீல் என்ன செய்வாரு, ஊரு முழுக்க சொல்வாரு. ஒரு பேங்க்காரன் கூட கார்னகிய நேர்ல கேக்கல. எப்படிக் கேக்குறது? "ஐயா உங்களுக்கு வேற இடத்துல ஒரு மக இருக்காமே"ன்னா? ஓபர்லின்ல இருந்த ஒரு பேங்க் 1904ல மூடியே போச்சு. 1905ல அந்தம்மாவுக்கு தண்டனை குடுத்தாங்க, 1907ல ஜெயில்லயே செத்துப் போனா. வழக்க பாக்க கார்னகியே கோர்ட்டுக்கு வந்திருந்தாராம்.

வான்கார அண்ணே, உங்க ஆளு பண்டாரவளையில பேங்க் உள்ள போனது இதே வித்தைதான். உள்ள போயி என்ன செஞ்சிருப்பான்? நம்பர் எடுத்துட்டு கதிரையில கொஞ்சம் இருந்திருப்பான்.

ஓய்வு_வாத்தியார்_தலவாக்கலை

தம்பிமாரே, நீங்கள் எல்லாம் நியூயோர்க் போய்விட்டீர்கள். நான் நம்ம லயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா காலத்தில் துரை குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்தால் மழை கொட்டினாலும் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டு ஓரம் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விடும். "நீங்க யாரு"ன்னு துரையைப் பார்த்துக் கேட்ட வாய் நம்ம பரம்பரையில் கிடையாது. துரை போய்விட்டார், கம்பெனி போய்விட்டது, அந்த நிற்பு மட்டும் இடுப்பை விட்டுப் போகவில்லை.

அதுக்கும் முன்னால நம்மைக் கூட்டிக்கொண்டு வந்ததே என்ன சொல்லி? தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் விளையுதுன்னு சொல்லித்தானே கங்காணி கூட்டி வந்தான். இங்கு வந்து தூரைத் தோண்டியவர்களுக்கு அட்டைதான் கிடைத்தது. இதே வேலையை வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனுக்குச் செய்திருக்கிறான். மெக்ரெகர் என்று ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் மத்திய அமெரிக்காவில் பொயாய்ஸ் என்ற நாட்டுக்கு நான்தான் அதிபதி என்று லண்டனில் காணி விற்றான். அப்படி ஒரு நாடே இல்லை. 1822லும் 23லும் ரெண்டு கப்பலில் 250 பேர் போல போனார்கள், பாதிக்கு மேல் செத்துப்போனார்கள்.

வான்கார தம்பி, ஒன்று கேட்கட்டுமா? அவனை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்களா?

வான்காரன்_நானுஓயா

சேர், எப்படித் தெரியும்? ஆமா கூட்டிட்டுப் போனேன், மூணாம் நாள்.

அப்பாவுக்கு 71 வயசு. மூட்டு வலி, பகல்ல எழும்பவே மாட்டாரு. இவன் வாசல்ல நின்ன உடன எழும்பி நின்னுட்டாரு. நீங்க சொன்ன மாதிரியே தோள்ல கெடந்த துண்டு கையில. வீட்டுல இருந்த ஒரே நல்ல கதிரைய இவன்கிட்ட தள்ளுனாரு. அம்மா அடுத்த வீட்டுல பால்மா டின் வாங்கி பால் தேத்தண்ணி ஊத்துனிச்சு. ரெண்டு மணித்தியாலம் அப்பா கதைச்சாரு. பெரிய துரைக்கு இடது காது கேக்காது, பங்களா வேலைக்கார அப்புவ ஒரு நாள் நாய்க்கு சோறு லேட்டானதுக்கு அறைஞ்சாரு, துரையோட நோனா குளிருக்கு பிள்ளைங்களுக்கு கம்பளி நூல் குடுத்தா, இப்படி. இவன் வாயத் தொறக்கல, தலைய மட்டும் ஆட்டுனான், கண்ணு கூட கலங்குச்சு.

மறுநாள் தோட்ட ஒபீஸ் போனோம். அங்க கிளார்க்மார்கிட்ட இவன் சொல்றான், "எங்க தாத்தாவுக்கு இடது காது கேக்காது, பாவம்." நான் பக்கத்துலதான் நிக்கிறேன். அப்பயும் எனக்கு ஒறைக்கல சேர். பாரு, அப்பா சொன்னது சரியா இருக்குன்னு சந்தோசப்பட்டேன்.

ஓய்வு_வாத்தியார்_தலவாக்கலை

அதுதான் அவர்கள் தொழில். கதையைக் கொண்டு வருவதில்லை, நம்மிடம் எடுத்து நம்மிடமே விற்பார்கள்.

இங்கிலாந்தில் டிச்போர்ன் குடும்பத்து வாரிசு ரோஜர் 1854ல் கப்பலோடு காணாமல் போனான். தாய் மட்டும் சாகவில்லை என்று பேப்பரில் விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தாள். 1866ல் அவுஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரில் இருந்து இறைச்சிக் கடைக்காரன் ஒருத்தன் "நான்தான் மகன்" என்று வந்தான். சிட்னியில் அந்தக் குடும்பத்தின் பழைய வேலைக்காரர் போகிள் இருந்தார், அவரையே கூட வைத்துக்கொண்டான். பழைய வேலைக்காரனை விட யாருக்கு வீட்டுக் கதை தெரியும்? நெச ரோஜர் பாரிசில் வளர்ந்தவன், பிரெஞ்சு தாய்மொழி மாதிரி. வந்தவனுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு வராது. ஒல்லியாகப் போனவன் பீப்பாய் மாதிரி வந்தான். தாய் பார்த்த உடனே "என் மகன்தான்" என்றாள். கடைசியில் 1874ல் 14 வருஷ தண்டனை.

ஸ்டோர்_சாம்பசிவம்_இல்ல

நான் தேயிலை ஸ்டோர்ல, அதான் ஃபெக்டரியில, டீமேக்கருக்கு கீழ வேலை. வான்கார தம்பி, ஆளு இங்கயும் வந்தான்னு இப்பதான் கண்டுபிடிக்கிறேன், பழுப்புக் கோட், தோல் ஒட்டு, அவனேதான். ஏப்ரல்ல ஒரு நாள் ஸ்டோர் சுத்திப் பாக்க வந்தான். டேஸ்டிங் மேசையில நின்னுக்கிட்டு "இது ஃபர்ஸ்ட் ஃப்ளஷா"ன்னு கேட்டான். எங்க ஐயா மேலயும் கீழயும் பாத்தாரு. இங்க எவன் அப்படிக் கேப்பான்? எந்த ரகத் தூளு, பீஓபியா, பீஓபிஎஃப்பா, டஸ்ட்டான்னு கேப்பான். தரமான சீசன்னா நம்ம திம்புள்ள பக்கம் ஜனவரில இருந்து மார்ச், ஊவா பக்கம் ஜூலைல இருந்து செப்டம்பர். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ங்கிறது, வருசத்து மொத கொழுந்துன்னு, டார்ஜிலிங் பேச்சு. டிச்போர்ன்காரனுக்கு பிரெஞ்சு வரல, இவனுக்கு பீஓபி வரல 😄

ஆனா நாங்களும் ஒண்ணும் சொல்லல. ஐயா ரெண்டு பெக்கட் தேயில ஃப்ரீயா குடுத்து அனுப்புனாரு.

ஹப்புத்தளை_மேகம்

டார்ஜிலிங்னு சொன்னதும் இது ஞாபகம் வந்திச்சு. வங்காளத்துல பாவல்னு ஒரு ஜமீன். ரெண்டாவது குமாரரு 1909ல டார்ஜிலிங்ல செத்துட்டாருன்னு தகனம் செஞ்சதா சொன்னாங்க. 1921ல டாக்காவுக்கு உடம்பு பூரா சாம்பல் பூசுன சாமியார் ஒருத்தர் வந்தாரு. அக்கா பாத்துட்டு தம்பிதான்னு அழுவுறா, குடியானவங்க எல்லாம் ராசா வந்துட்டாருன்னு கும்பிடுறாங்க, பொண்டாட்டி மட்டும் இல்லவே இல்ல ஏமாத்துக்காரன்னு நிக்கிறா. இத போலி கேஸ்னுதான் எல்லாரும் நெனப்போம், ஆனா 1936ல ஜட்ஜ் இவர்தான் குமாரருன்னு தீர்ப்பு சொல்லிட்டாரு. அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1946ல அதுவும் அவர் பக்கம். கேட்டு ரெண்டு மூணு நாள்ல ஆள் செத்துட்டாரு. அதனால எல்லாரையும் சந்தேகப்பட்டாலும் சிக்கல்தான்.

பெட்டகம்_8மணி

அவர் வருசக்கணக்கா கோர்ட்ல நின்னு கேள்விக்கு பதில் சொன்னாரு. பத்து நிமிசம்னு சொல்லிட்டு பின் கதவால போகல.

சட்டம்_படிக்கிறவள்

வான்கார அண்ணா, பொலிஸ்ல என்ட்ரி போட்டீங்களா? தயவு செஞ்சு போடுங்க. கடன் குடுத்து வாங்க முடியாத சிவில் விசயம்னு சொல்லித் திருப்பி அனுப்பப் பாப்பாங்க, விடாதீங்க. நம்ம தண்டனைச் சட்டக்கோவையில 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறது பத்தினது. அவன் சொன்ன தாத்தா, குடும்பம் எதுவுமே உலகத்துல இல்லன்னாலும் குத்தம் குத்தம்தான், நடிக்கிற ஆள் கற்பனை ஆளா இருந்தாலும் பொருந்தும். இதோட மூலம் 1860ல வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், அதுல 416ஆம் பிரிவுக்கு உதாரணம் என்ன தெரியுமா? ஒருத்தன் தன்னோட அதே பேர்ல இருக்குற பணக்கார பேங்க்காரனா நடிச்சு ஏமாத்துறான். சட்டம் எழுதுனவனுக்கு மொதல்ல ஞாபகம் வந்ததே இவனுங்கதான்.

ஹயர் போன கிலோமீட்டர், டீசல் பில், அவன் அனுப்புன வட்ஸ்அப், எல்லாத்தையும் எடுத்து வைங்க. போனை மாத்துனா மெசேஜ் அழிஞ்சிரலாம்.

கொப்பித்தோட்டம்_பொடியன்

சரி சரி நான் சொன்னத வாபஸ் வாங்குறேன். ஆனா ஒண்ணு, படிக்காத நாமதான் ஏமாறுறோம்.

வரவேற்பறை_அக்கா

எங்க படிக்காத? ஜெர்மனியில இருந்து 1978ல அமெரிக்கா போன ஒருத்தன், அங்க பெரிய பணக்காரக் குடும்பத்துப் பேர எடுத்து, கிளார்க் ரொக்ஃபெல்லர்னு வச்சிக்கிட்டு திரிஞ்சான். அவன கட்டுன பொண்ணு ஹார்வர்ட்ல படிச்சு பெரிய கம்பெனியில பெரிய சம்பளம் வாங்குனவ, ரொக்ஃபெல்லர் குடும்பத்துக்காரன் 12 வருசம் அவ சம்பளத்துல சாப்பிட்டான். 2008ல மகளத் தூக்கிட்டு ஓடுனப்பதான் ஆள் யாருன்னே வெளிய வந்திச்சு. பிறகு பழைய கொலைக் கேஸ் ஒண்ணும் கிளம்பி 2013ல 27 வருசத்துல இருந்து ஆயுள் வரைன்னு தண்டனை. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல தம்பி.

எல்ல_ரெண்டு_ரூம்

ஐயோ. இப்பதான் இந்த இழைய பாத்தேன், கை நடுங்குது. எங்களுக்கு எல்ல டவுன்ல ரெண்டு ரூம் வச்சு கெஸ்ட் ஹவுஸ். ஏப்ரல் 17 பின்னேரம் ஒருத்தர் வந்தாரு, சட்டையோட, குளிர்ல நடுங்கிக்கிட்டு. லண்டன்ல இருந்து வந்தவராம், பழைய தோட்டக் குடும்பமாம். சாமான் எல்லாம் எங்கன்னு கேட்டேன். "நானுஓயாவுல இருந்து ஒரு வான் டிரைவர் என்ன ஏமாத்திட்டான், பண்டாரவளையில பேங்குக்குள்ள போன நேரம் என் கோட்டோட வானை எடுத்துட்டு ஓடிட்டான்"னு சொன்னாரு.

நானும் என் வீட்டுக்காரரும் உங்கள அவ்வளவு ஏசினோம் அண்ணா. பாவம்னு ரெண்டு நாள் சாப்பாடு போட்டு 20,000 ரூபா கையில குடுத்து அனுப்புனேன். வீட்டுக்காரரோட ஸ்வெட்டரையும் குடுத்தேன்.

வான்காரன்_நானுஓயா

அக்கா, என்ன சொல்றதுன்னே தெரியல. சிரிப்பு வருது, வயிறும் எரியுது. என்ன கள்ளனாக்கி அதுல 20,000 எடுத்திருக்கான். அக்கா நீங்களும் நானும் ஒண்ணா போயி என்ட்ரி போடுவோம், இன்பொக்ஸ்ல நம்பர் அனுப்புறேன்.

சட்டம்_படிக்கிறவள்

ரெண்டு பேர் முறைப்பாடுன்னா நல்லது. அந்தக் கோட் இன்னும் இருக்கா? அதையும் காட்டுங்க. லேபல் ஏதாச்சும் இருக்கா பாருங்க.

வான்காரன்_நானுஓயா

கோட் வீட்டுலதான் இருக்கு. லேபல் வெட்டி எடுத்திருக்கான், நூல் மட்டும் நிக்கிது. நேத்து ராத்திரி என் மனுசிகிட்ட காட்டுனேன். அவ கைய உள்ள விட்டு கக்கத்துப் பக்கம் தடவிப் பாத்துட்டு ஒரு ஊசிய இழுத்து எடுத்தா. சின்ன சேஃப்டி பின், அதுல ஈரத்துல ஊறுன அட்டைத் துண்டு, பென்னால 1850ன்னு எழுதியிருக்கு. "இது பேல் பஜார் கோட்டுங்க"ன்னு சொன்னா. நுவரெலியா பேல் பஜார்ல, அந்த மலிவு உடுப்புச் சந்தையில, கம்பளிச் சாமானுக்கு இப்படித்தான் கக்கத்துல பின் குத்தி வெல எழுதுவாங்களாம், எங்க மகளுக்கு எடுத்த ஜக்கெட்லயும் இருந்திச்சாம். அத எடுத்துக் காட்டுனா, அதே கையெழுத்து 8 போடுறது, மேல வாய் தொறந்த மாதிரி.

இன்னைக்கு காலையில எல்ல அக்காவும் நானும் போயி என்ட்ரி போட்டாச்சு. கோட்டு பொலிசுக்கு வேணாமாம், கேக்குற நேரம் கொண்டு வரச் சொன்னாங்க.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், பின்னையும் காட்டுனேன். கண்ணாடிய போட்டு நல்லா பாத்தாரு. "வெல கொறச்சுதான் வாங்கியிருக்கு, துரைங்க வீட்டுல காசு விசயத்துல அப்படித்தான்"னு சொல்லிட்டு, கோட்ட வாங்கி பூச்சி உருண்ட ரெண்டு போட்டு, பொலித்தீன் பையில சுத்தி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில மாட்டிட்டாரு. வந்து கேட்டா குடுக்கணுமாம்.